அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? வீடு பத்தின வாசகர் கேள்விகளுக்கு பதில்

போன மாசம் ஓசூர் வாடகை பத்தி ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு வந்த கடிதங்கள்ல முக்கால்வாசி ஒரே கேள்விதான், அத்திப்பள்ளி எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூருல வாங்குறதா, இந்தப் பக்கம் ஓசூர்ல வாங்குறதான்னு. நான் 26 வருஷம் பேங்க்ல ஹோம் லோன் செக்‌ஷன்ல இருந்தவ, அதுல பாதிக்கு மேல பெங்களூருல வாடகை வீட்ல இருந்துட்டு அப்புறம் ஓசூருக்கு வந்து வீடு கட்டினவ, அதனால இந்த மாசம் முழுக்க இந்த ரெண்டு ஊருக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயசு, எலக்ட்ரானிக் சிட்டில ஐடி வேலை, வாரத்துல மூணு நாள் ஆபீஸ் போகணும். மனைவி டீச்சர், குழந்தை பொறந்ததுல இருந்து வேலைக்கு போகல, இப்ப பையனுக்கு நாலு வயசு. ஆபீஸ் பக்கத்துல 1,200 சதுர அடி ஃப்ளாட் 90 லட்சம் சொல்றாங்க, அதே சைஸ் ஓசூர்ல 60 லட்சம். ரெண்டும் கட்டி முடிச்சு ரெடியா இருக்கு. கையில 20 லட்சம் இருக்கு. 30 லட்சம் மிச்சம்னா ஓசூரே வாங்கிடலாம்தானே?
வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி

பதில்: தம்பி, மொதல்ல அந்த 90 லட்ச வீட்டை உங்களால இப்ப வாங்க முடியுமான்னு பாப்போம், ஏன்னா நிறைய பேர் இஎம்ஐய மட்டும் கணக்கு போட்டுட்டு பேங்குக்கு வந்து உக்காந்து அப்புறம் முகம் வாடிப் போறதை நான் வருஷக்கணக்கா பாத்திருக்கேன். 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்குமான லோனுக்கு வீட்டு விலையில 80 சதவீதம்தான் குடுக்கலாம்னு ரிசர்வ் வங்கி விதி, அப்ப 90 லட்சத்துக்கு 72 லட்சம் லோன், 18 லட்சம் கைக்காசு. பத்திரச் செலவுக்கு லோன் கிடையாது, அதையும் நீங்கதான் போடணும். கர்நாடகாவுல இந்த விலைக்கு முத்திரைக் கட்டணம் 5 சதவீதம், அது மேல செஸ் சர்சார்ஜ் சேர்ந்து ஐந்தரைக்கு மேல போயிடும், பதிவுக் கட்டணம் 1 சதவீதமா இருந்ததை 2025 ஆகஸ்ட் கடைசில 2 ஆக்கிட்டாங்க, ஆக மொத்தம் 6 லட்சத்து 85 ஆயிரம் பக்கம் வருது. 18 லட்சத்தோட இதை கூட்டினா கிட்டத்தட்ட 25 லட்சம். உங்ககிட்ட 20தான் இருக்கு. மீதி அஞ்சுக்கு பர்சனல் லோன் எடுக்குறேன்னு தயவுசெஞ்சு போயிடாதீங்க, அந்த வட்டியும் வீட்டு இஎம்ஐயும் சேர்ந்து மொத மூணு வருஷம் உங்களை நசுக்கிடும்.

ஓசூர் பக்கம் வாங்க. 60 லட்சத்துக்கு 48 லட்சம் லோன், 12 கைக்காசு. தமிழ்நாட்டுல பில்டர்கிட்ட இருந்து மொதல் தடவையா வாங்குற புது ஃப்ளாட்டுக்கு 2023 டிசம்பர்ல இருந்து முத்திரைக் கட்டணம் குறைவு, 50 லட்சம் வரைக்கும் 4 சதவீதம், அதுக்கு மேல 3 கோடி வரைக்கும் 5 சதவீதம், கூட பதிவுக் கட்டணம் 2. உங்களுக்கு 7 சதவீதம்னா 4 லட்சத்து 20 ஆயிரம். மொத்தம் 16 லட்சத்து 20 ஆயிரம் கையில இருந்து போகும், மிச்சம் இருக்குற காசுல கப்போர்டு, கிச்சன் வேலைய முடிச்சுக்கலாம். ஒரு விஷயம், அதே ஃப்ளாட்டை ஏற்கனவே ஒருத்தர் வாங்கி குடியிருந்து உங்களுக்கு விக்கிறார்னா அந்தச் சலுகை கிடையாது, வழக்கமான 7ம் 2ம் சேர்ந்து 9 சதவீதம் கட்டணும், 60 லட்சத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம், அதனால ரீசேல்ல விலை குறைச்சு சொன்னா இந்த வித்தியாசத்தையும் சேத்துத்தான் பாக்கணும். ரெண்டு வீடும் 50 லட்சத்தை தாண்டுறதால விக்கிறவருக்கு குடுக்குற விலையில இருந்து 1 சதவீதம் டிடிஎஸ் பிடிச்சு நீங்களே வருமான வரிக்கு கட்டணும், இதை மறந்துட்டு பின்னாடி நோட்டீஸ் வாங்கினவங்க ஏராளம்.

இஎம்ஐ, எட்டரை சதவீத வட்டி 20 வருஷம்னு வச்சுக்குவோம். 72 லட்சத்துக்கு மாசம் 62,500 பக்கம், 48 லட்சத்துக்கு 41,650 பக்கம். மாசம் 20,800 ரூபா வித்தியாசம்.

இப்பதான் நீங்க யோசிக்காத பக்கத்துக்கு வர்றேன். ஓசூர்ல இருந்து எலக்ட்ரானிக் சிட்டி போக வர தோராயமா 50 கிலோமீட்டர், மாசம் 13 நாள் கார்ல போனா 650 கிலோமீட்டர், பெட்ரோல் டோல் எல்லாம் சேர்ந்து ஆறாயிரம் ஏழாயிரத்துல முடியும், அதனால காசுன்னு பாத்தா ஓசூர் ஜெயிக்குது. நேரம்னு பாத்தா நல்ல நாள்ல முக்கால் மணி நேரம், வெள்ளிக்கிழமை சாயங்காலமோ பொங்கல் தீபாவளிக்கு முந்தின நாளோ ஆச்சுன்னா அத்திப்பள்ளி டோலை தாண்டுறதுக்குள்ள குழந்தை தூங்கிடும். அந்த மூணு நாள் அஞ்சு நாளா மாறினா என்ன பண்ணுவீங்க, உங்க டீமை ஒயிட்ஃபீல்டுக்கோ ஹெப்பாலுக்கோ மாத்தினா என்ன பண்ணுவீங்க? ஐடி வேலையில நாலு வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனி மாறுற காலம் இது, 20 வருஷ லோன்ல நீங்க அஞ்சு ஆபீஸ் பாத்துடுவீங்க, அதுல எத்தனை ஆபீஸ் ஓசூர் ரோட்டுல இருக்கும்?

நான் என்னைக்கும் சொல்றது இதுதான். வீட்ல ஒருத்தரோட தினசரி வாழ்க்கையாவது எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தா ஓசூர்ல வாங்குங்க, மொத்தக் குடும்பமும் காலையில எழுந்து அந்தப் பக்கம் ஓடுற மாதிரி இருந்தா வாங்காதீங்க. உங்க விஷயத்துல முடிவு உங்க கையில இல்ல, உங்க மனைவி கையில இருக்கு. அவங்களுக்கு ஓசூர்ல ஒரு ஸ்கூல்ல வேலை கிடைச்சு பையனும் அதே ஸ்கூல்ல சேர்ந்தா மூணு பேர்ல ரெண்டு பேருக்கு வீடும் வேலையும் பத்து நிமிஷத்துல, ஒருத்தர் மட்டும் வாரம் மூணு நாள் அலையுறீங்க, அது நல்ல வாழ்க்கை. உங்க கடிதத்துல அவங்க திரும்ப வேலைக்கு போறதை பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல தம்பி, அதுதான் எனக்கு உறுத்துது. இன்னைக்கு ராத்திரி அவங்ககிட்ட உக்காந்து பேசுங்க.

பையன் படிப்பையும் சேத்துக்கோங்க. தமிழ்நாட்டுல இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு எட்டாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் இங்க படிச்சிருந்தா நேட்டிவிட்டி சான்றிதழ் கேக்க மாட்டாங்க, கர்நாடகாவோட பொது நுழைவுத் தேர்வான சிஇடிக்கு அங்க ஏழு வருஷமாவது படிச்சிருக்கணும்னு ஒரு வழி வச்சிருக்காங்க. ஆறாவது முடிஞ்சு அந்தப் பக்கம் போனாலும், எட்டாவது ஆரம்பிச்ச பிறகு இந்தப் பக்கம் வந்தாலும் கணக்கு உதைக்கலாம், அதனால எந்தப் பக்கம்னு பையன் அஞ்சாவது முடிக்கிறதுக்குள்ள முடிவு பண்ணிடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் ஓசூர்ல வாடகைக்கு வந்து இருந்து பாருங்க, ஒரு மழைக்காலமும் ஒரு தீபாவளியும் தாண்டினா உங்களுக்கே தெரிஞ்சுடும்.

கேள்வி: மேடம், ஆனேக்கல் தாலூக்காவுல பஞ்சாயத்து லிமிட்ல 30க்கு 40 சைட் ஒண்ணு சல்லிசா வருது. ஓசூர்ல அதே சைஸ் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவ்டு மனை அதை விட நாலு லட்சம் ஜாஸ்தி. பெங்களூரு அட்ரஸ் கம்மி விலைக்கு கிடைக்கும்போது எதுக்கு ஓசூர் போகணும்?
வாசகர், சந்தாபுரா

பதில்: அந்த நாலு லட்சம் ஏன் கம்மின்னு விக்கிறவரை கேட்டீங்களா? கேட்டா "பேப்பர் எல்லாம் பக்கா சார்"னு சொல்லுவாங்க. எங்களுக்கும் அப்படித்தான் சொன்னாங்க.

கல்யாணம் ஆன மூணாவது வருஷம், அதே பக்கம்தான், ஒரு சைட் வாங்கினோம். என் நகையில பாதியும் மாமியார் குடுத்த பணமும் அதுல போச்சு. விவசாய நிலம், டிசி கன்வர்ஷன், அதாவது விவசாய நிலத்தை வீட்டு மனையா மாத்துற கலெக்டர் உத்தரவு, வாங்காமலே கயிறு கட்டி சைட் பிரிச்சு வித்திருந்தாங்க, அங்க அதை ரெவின்யூ சைட்டுனு சொல்லுவாங்க, எங்களுக்கு அந்த வார்த்தையே அப்பதான் தெரியும். வீடு கட்ட லோன் கேட்டா எந்த பேங்க்கும் தரல, நான் வேலை பாத்த இடத்துலயே தரல. ஒம்போது வருஷம் காலி மனையா கிடந்து கடைசில வாங்கின விலைக்கும் கீழ குடுத்துட்டு வந்தோம். அன்னைல இருந்து யார் வந்து சைட் காட்டினாலும் நான் ரெண்டு நாள் பேப்பரை வச்சுட்டுத்தான் பேசுவேன்.

நீங்க பாக்க வேண்டியது, ஆனேக்கல் பக்கம்னா டிசி கன்வர்ஷன் ஆர்டர், பிளானிங் அத்தாரிட்டி லேஅவுட் அப்ரூவல், பஞ்சாயத்து இடம்னா அங்க பஞ்சாயத்து சொத்துகளுக்கு இருக்குற ஆன்லைன் பதிவான இ-ஸ்வத்துல எடுத்த ஃபார்ம் 9, ஃபார்ம் 11. ஃபார்ம் 11ல ஏ, பின்னு ரெண்டு வகை இருக்கு, 11பின்னு வந்தா அது முறைப்படி அப்ரூவ் ஆகாத இடம்னு புரிஞ்சுக்கோங்க. சிட்டி லிமிட்ல மாநகராட்சி சொத்துப் பதிவை கத்தான்னு சொல்லுவாங்க, அதுல ஏ கத்தா, பி கத்தான்னு சொல்றதும் இதே மாதிரி வித்தியாசம்தான். பி கத்தா இடத்துக்கு சில இடத்துல லோன் கிடைக்கும், வட்டி கூட இருக்கும், திரும்ப விக்கும்போது வாங்குறவர் உங்ககிட்ட நீங்க இப்ப கேக்குற கேள்விய கேப்பார்.

தமிழ்நாட்டுப் பக்கம் 2016ல ஹைகோர்ட் உத்தரவுக்கு அப்புறம் அப்ரூவல் இல்லாத புது மனைய பத்திரம் பதிய முடியாத மாதிரி ஆயிடுச்சு, அதுக்கு முன்னாடி வித்த மனைகளை வரன்முறைப்படுத்த 2017ல திட்டம் வந்துச்சு. அதனால ஓசூர்ல டிடிசிபி நம்பரும், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தோட ரெரா நம்பரும் இருக்கான்னு பாருங்க, பட்டா யார் பேர்ல இருக்கு, எஃப்எம்பின்னு சொல்ற நில அளவை வரைபடத்துல உங்க மனைக்கு வர்ற ரோடு நிஜமாவே ரோடா இருக்கா, 30 வருஷ வில்லங்கம், இவ்வளவும் பாத்துட்டா பயம் இல்ல. நாலு லட்சம் ஜாஸ்தி குடுத்து வாங்குற அந்த மனைக்கு நாளைக்கு லோன் கிடைக்கும், அந்த சல்லிசு சைட்டுக்கு கிடைக்குமான்னு ஒரு பேங்க் மேனேஜர்கிட்ட பேப்பரை குடுத்து கேட்டுப் பாருங்க, ஒரு ரூபா செலவில்லாத சோதனை இது.

அளவுல ஏமாறாதீங்க. அந்தப் பக்கம் குண்டா கணக்கு, இந்தப் பக்கம் சென்ட் கணக்கு, ஒரு குண்டா 1,089 சதுர அடி, அதாவது ரெண்டரை சென்ட். புரோக்கர் ரெண்டு கணக்கையும் கலந்து பேசும்போது விலை கம்மியா தெரியும்.

கேள்வி: ஓசூர்ல ஏர்போர்ட் வருதுன்னு சொல்லி பாகலூர், பேரிகை பக்கம் மனை விக்கிறாங்க, வாங்கி போடலாமா?
வாசகர், சேலம்

பதில்: 2024 ஜூன்ல முதலமைச்சர் சட்டசபையில அறிவிச்சது உண்மை, 2,000 ஏக்கர், வருஷத்துக்கு 3 கோடி பயணிகள்னு சொன்னாங்க. ஆனா பெங்களூரு ஏர்போர்ட் ஒப்பந்தத்துல 150 கிலோமீட்டர் சுத்தளவுல 25 வருஷத்துக்கு வேற புது ஏர்போர்ட் கூடாதுன்னு இருக்கு, அது 2008ல திறந்தது, அப்ப 2033 வரைக்கும் அந்தக் கட்டு இருக்கு, ஓசூர் அந்த வட்டத்துக்குள்ளதான் வருது. அதனால ஏர்போர்ட்டுக்காக ஒரு ரூபா கூட கூடுதலா குடுக்காதீங்க. ஏர்போர்ட்டே வரலைன்னாலும் இந்த விலைக்கு இந்த மனை எனக்கு வேணும்னு தோணினா மட்டும் வாங்குங்க. நிலம் எடுக்குற எல்லைக்குள்ள உங்க மனை மாட்டிக்கிட்டா என்ன ஆகும்னும் யோசிங்க.

மெட்ரோ கதையும் இதேதான். மஞ்சள் லைன் 2025 ஆகஸ்ட்ல ஆர்.வி. ரோடுல இருந்து பொம்மசந்திரா வரைக்கும் ஓட ஆரம்பிச்சுது, 19 கிலோமீட்டர், 16 ஸ்டேஷன், அது நிஜம், அதை நம்பி கணக்கு போடலாம். பொம்மசந்திராவுல இருந்து ஓசூருக்கு நீட்டுறதுக்கு ஆய்வு மட்டும்தான் நடந்திருக்கு. பெங்களூரு மெட்ரோ தண்டவாளப் பக்கத்துல 750 வோல்ட் டிசில ஓடுது, சென்னை மெட்ரோ மேல கம்பில 25 கிலோவோல்ட் ஏசில ஓடுது, ரெண்டு மாநிலமும் ரெண்டு முறைய வச்சிருக்கும்போது எதை வச்சு இணைக்கிறதுங்கிறதே பெரிய கேள்வி. பிரோஷர்ல போட்டிருக்குற மெட்ரோ படத்தை மடிச்சு ஓரமா வச்சுடுங்க.

கேள்வி: நான் ரிட்டயர்டு ஸ்கூல் வாத்தியார், கிருஷ்ணகிரியில சொந்த வீடு. வெயில் தாங்கல. மகன் பெங்களூரு பெல்லந்தூர்ல இருக்கான், அங்கயே வந்துடுங்கன்னு கூப்புடுறான். மனைவிக்கு ஓசூர் போலாம்னு ஆசை. உங்க கருத்து?
வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: ஐயா, அம்மா சொல்றதை கேளுங்க. கிருஷ்ணகிரியில இருந்து சூளகிரி மேடு ஏறினதுமே காத்து மாறுறது உங்களுக்கு என்னை விட நல்லா தெரியும், ஓசூர் கிட்டத்தட்ட பெங்களூரு உயரத்துலயே இருக்கு, 900 மீட்டர் பக்கம், மே மாசத்துலயும் ராத்திரி ஃபேன் போட்டா போதும்னு இருக்குற வீடுகள் இங்க நிறைய, டிசம்பர்ல காலையில வாக்கிங் போக ஸ்வெட்டர் வேணும்.

பெல்லந்தூர்ல மகனும் மருமகளும் காலையில எட்டு மணிக்கு கிளம்பினா நீங்க ரெண்டு பேரும் பன்னிரண்டாவது மாடியில ஜன்னலை பாத்துட்டு இருக்கணும். கீழ இறங்கினா பேச ஆள் வேணும், தினமும் தமிழ் பேப்பர் வேணும், பிரதோஷத்துக்கு போக ஒரு கோயில் வேணும். ஓசூர்ல சந்திரசூடேஸ்வரர் மலைக் கோயில் இருக்கு, உழவர் சந்தையில காலையில போனா கொத்தமல்லி கட்டு வேரோட ஈரமா கிடைக்கும், உங்க ஊர் ராகிக் களி சாப்பாட்டுப் பழக்கமும் மாறாது. என் அம்மாவை கடைசி ஆறு வருஷம் வச்சு பாத்தேன், அவங்களுக்கு வீட்டோட சைஸ் ஒரு பொருட்டாவே இல்ல, வாசல்ல உக்காந்தா நாலு பேர் "என்னம்மா சாப்டாச்சா"ன்னு கேட்டுட்டு போகணும், அவ்வளவுதான் வேண்டியிருந்துச்சு.

ஆஸ்பத்திரிய பத்தி பயப்படுறீங்கன்னு தெரியுது. பொம்மசந்திராவுல நாராயணா ஹெல்த் சிட்டி ஓசூர்ல இருந்து பெல்லந்தூர்க்காரங்க நினைக்கிறதை விட பக்கம், செயின்ட் ஜான்ஸ், நிம்ஹான்ஸ் எல்லாமே அதே ஓசூர் ரோட்டு வழிதான், கிருஷ்ணகிரியிலயும் 2022ல இருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. உங்க பென்ஷனர் இன்சூரன்ஸ் லிஸ்ட்ல எந்த எந்த ஆஸ்பத்திரி இருக்குன்னு மட்டும் கருவூலத்துல கேட்டு எழுதி வச்சுக்கோங்க, அதை வச்சுத்தான் ஏரியா முடிவு பண்ணணும். கிருஷ்ணகிரி வீட்டை விக்காதீங்க, வாடகைக்கு விட்டுட்டு ஓசூர்ல வாடகைக்கு வாங்க. லிஃப்ட் இல்லாத ரெண்டாவது மாடி வேண்டாம், எவ்வளவு கம்மி வாடகைன்னாலும்.

கேள்வி: தண்ணி எங்க பரவாயில்ல அக்கா? 2024 வெயில் காலத்துல பெங்களூருல பட்ட பாடு இன்னும் மறக்கல.
வாசகி, பொம்மனஹள்ளி

பதில்: மறக்கவே கூடாது தங்கச்சி. அந்த வருஷம் போர்வெல் வத்தி, டேங்கர்காரர் சொன்ன விலைய குடுத்துட்டு வாரத்துக்கு ரெண்டு நாள் குளிச்சவங்க எனக்கு தெரிஞ்ச குடும்பத்துலயே உண்டு. 2024 அக்டோபர்ல காவிரி அஞ்சாவது கட்டம் வந்துச்சு, ஒரு நாளைக்கு 77.5 கோடி லிட்டர், மாநகராட்சில பின்னாடி சேர்த்த 110 கிராமத்துக்குன்னு. உங்க வீடு பாக்குற இடம் அந்த 110ல இருக்கா, இருந்தாலும் உங்க தெருவுக்கு கனெக்‌ஷன் வந்துடுச்சா, இதை பக்கத்து வீட்டு சம்ப்பை திறந்து பாத்து கேளுங்க. சந்தாபுரா, ஆனேக்கல் எல்லாம் மாநகராட்சிக்கு வெளிய, அந்தக் கணக்குல வராது.

ஓசூருக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருது. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி தண்ணில ஃபுளோரைடு கூடி பல்லு காவி ஏறி எலும்பு வளைஞ்சு போன ஜனங்களுக்காக ஜப்பான் கடன்ல கட்டி 2013ல தொடங்கின திட்டம் அது. ஆனா அப்பார்ட்மெண்ட்ல புழக்கத்துக்கு இங்கயும் போர்வெல்லும் டேங்கரும்தான், அதனால ஃப்ளாட் பாக்க போனா மெயின்டெனன்ஸ் பில்லுல ஏப்ரல், மே ரெண்டு மாசத்து டேங்கர் செலவை காட்டச் சொல்லுங்க, காட்ட மாட்டேன்னா அந்த ஃப்ளாட் வேண்டாம். தென்பெண்ணை ஆத்துப் பக்கம் வீடுன்னா ஒரு மழைக்கு அப்புறம் போய் பாருங்க, பெங்களூரு கழிவு சேர்ந்து வந்து கெலவரப்பள்ளி அணைல நுரை பொங்குறதை நாங்க வருஷா வருஷம் பாக்குறோம், மனசு எரியுது.

கேள்வி: காவிரி பிரச்சனை வந்தா எல்லையில பஸ் நிக்குதே, ஓசூர்ல வீடு வாங்கிட்டு பெங்களூருல வேலைக்கு போறது ரிஸ்க் இல்லையா?
வாசகி, தர்மபுரி

பதில்: 2016 செப்டம்பர்ல அந்த எல்லையில நானும் நடந்திருக்கேன். பெங்களூருல தமிழ்நாட்டு பஸ்ஸெல்லாம் எரிஞ்ச சமயம், பஸ் தமிழ்நாட்டு எல்லையில இருக்குற ஜூஜூவாடியோட நின்னுடுச்சு, கைக்குழந்தைய தூக்கிட்டு மூட்டை முடிச்சோட ஜனங்க அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் நடுவுல நடந்தாங்க. அன்னைக்கு என்னை ஆபீஸ்ல இருந்து அத்திப்பள்ளி வரைக்கும் தன் ஸ்கூட்டர்ல கொண்டு வந்து விட்டது கூட வேலை பாத்த ஒரு கன்னடக்கார அம்மா, திரும்பி வீடு போய் சேர்ந்துட்டேன்னு அவங்க போன் பண்ற வரைக்கும் எனக்கு சாப்பாடு இறங்கல. 2023 செப்டம்பர் கடைசிலயும் பந்த் நடந்துச்சு, ஆனா 2016 மாதிரி ஆகல.

வருஷத்துல ஒண்ணு ரெண்டு நாள் இப்படி வரும்னு வச்சுக்கோங்க, சில வருஷம் ஒண்ணுமே இருக்காது. வீட்ல இருந்து வேலை பாக்க முடியுற வேலைன்னா இது கவலையே இல்ல. நர்ஸ், ஃபேக்டரி ஷிஃப்ட், கடை வேலைன்னா அன்னைக்கு தங்கிக்க அந்தப் பக்கம் ஒரு வீடு தெரிஞ்சு வச்சுக்கோங்க. மத்தபடி ஓசூர் தெலுங்கு, கன்னடம், தமிழ், உருது நாலும் ஒரே டீக்கடையில கேக்குற ஊர், எங்க தெருவுல உகாதிக்கு ஒபட்டுங்கிற போளியும் பொங்கலுக்கு பொங்கலும் ரெண்டு பக்கமும் போகும் வரும், பாஷையால பிள்ளைங்களுக்கு இங்க நல்லதுதான் நடக்குது.

கேள்வி: கேஏ நம்பர் வண்டிய ஓசூருக்கு குடி வந்தா மாத்தணுமா?
வாசகர், ஹெச்எஸ்ஆர் லேஅவுட்

பதில்: இன்னொரு மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா மாத்தணும். அந்த ஆர்டிஓவுல என்ஓசி வாங்கி இங்க வரி கட்டிட்டு, அங்க கட்டின லைஃப் டாக்ஸ்ல மீதி காலத்துக்கு ரீஃபண்ட் கேளுங்க, நிறைய பேர் கேக்காமலே விட்டுடுறாங்க.

கேள்வி: எந்தப் பக்கம் வீட்டுச் செலவு கம்மி? கரண்ட், பஸ் எல்லாம் ஃப்ரீன்னு ரெண்டு பக்கமும் சொல்றாங்க.
வாசகி, அத்திப்பள்ளி

பதில்: கரண்ட்டுன்னா அந்தப் பக்கம் லாபம். கர்நாடகாவுல மாசம் 200 யூனிட் வரைக்கும், உங்க பழைய சராசரியோட பத்து சதவீதம் கூட்டி இலவசம், வாடகைக்கு இருக்குறவங்களுக்கும் உண்டு. தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். பஸ்ஸுன்னா அங்க 2023 ஜூன்ல இருந்து மாநிலத்துக்குள்ள சாதா பஸ் முழுக்க பெண்களுக்கு இலவசம், ஆனா கர்நாடகா அட்ரஸ் காட்டணும், இங்க 2021ல இருந்து டவுன் பஸ்ல இலவசம், அட்ரஸ் கேக்குறதில்ல. எல்லை தாண்டுற பயணத்துக்கு ரெண்டையுமே நம்பி பட்ஜெட் போடாதீங்க. வாடகைன்னா பெங்களூருல பத்து மாச அட்வான்ஸ் கேக்குற வழக்கம் இன்னும் போகல, அந்தப் பணம் வட்டியில்லாம அடுத்தவங்க கையில தூங்குறதையும் செலவுலயே எழுதுங்க.

கேள்வி: 12 லட்சம் குடுத்தா மூணு வருஷம் வாடகையே வேண்டாம்னு பொம்மனஹள்ளியில ஒரு வீடு லீசுக்கு வருது, போகலாமா மேடம்?
வாசகர், ஓசூர்

பதில்: நம்ம ஊர் போக்கியம்தான் அது. ஓனருக்கு அந்த வீட்டு மேல லோன் இருக்கான்னு மொதல்ல பாருங்க. லோன் இருந்து அவர் கட்டாம விட்டா பேங்க் வீட்டை எடுக்கும்போது உங்க 12 லட்சத்துக்கு யாரும் பொறுப்பில்ல, இந்த மாதிரி நோட்டீஸ் ஒட்டப் போன இடத்துல ஒரு பாட்டி என் கையை பிடிச்சுட்டு அழுதது இன்னும் கண்ணு முன்னாடி நிக்குது. வில்லங்கம் பாத்து, ஒப்பந்தத்தை சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவு பண்ணி, பணத்தை பேங்க் வழியா மட்டும் குடுங்க. பதிவு பண்ண மாட்டேன்னு சொல்ற ஓனர்கிட்ட ஒரு ரூபா குடுக்காதீங்க.

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயசு, ஓசூர் பக்கம் செல்போன் பாகம் செய்யுற ஃபேக்டரில வேலை, ஹாஸ்டல்ல இருக்கேன். சீட்டு போட்டு சேத்த பணம் இருக்கு. தேன்கனிக்கோட்டை ரோட்டுல 9 லட்சத்துக்கு ஒரு மனை பாத்திருக்கேன். அப்பா, கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்றார்.
வாசகி, ஓசூர்

பதில்: உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன் கண்ணு. வாங்குங்க. உங்க பேர்லயே வாங்குங்க. 2025 ஏப்ரல்ல இருந்து 10 லட்சம் வரைக்குமான சொத்தை பெண்கள் பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறைவு, உங்களுக்கு 9,000 ரூபா மிச்சம், மொத்த பத்திரச் செலவு 8 சதவீதம்னு 72,000 எடுத்து வைங்க, வழிகாட்டி மதிப்பு 9 லட்சத்தை விட கூட இருந்தா அதுக்குத்தான் கட்டணம் போடுவாங்க, அதனால முன்னாடியே பதிவுத்துறை தளத்துல சர்வே நம்பர் போட்டு பாருங்க.

அப்பாவை எதிர்த்துட்டு போகாதீங்க, கூட்டிட்டு போங்க. நிலம் பாக்கத் தெரிஞ்ச கண்ணு அவருக்கு இருக்கும், மழைத் தண்ணி எந்தப் பக்கம் ஓடுது, பக்கத்து நிலத்துக்காரர் வரப்பு எங்க இருக்குன்னு அவர் பாக்கட்டும், நீங்க பேப்பரை பாருங்க. தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் காட்டு ஓரத்துல யானை நடமாட்டம் உண்டு, ரோட்டு மேல இருக்குற டீக்கடையில யானை கடைசியா எப்ப வந்துச்சுன்னு கேளுங்க, புரோக்கர் சொல்ல மாட்டார், டீக்கடைக்காரர் சொல்லுவார். பத்திரம் முடிஞ்ச கையோட பட்டா உங்க பேருக்கு மாறிடுச்சான்னு பாத்துட்டு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க, காத்துட்டு இருப்பேன்.